கத்தரிப்பூ நிறத் திரை

நம் சங்கத்து இதழை நெடுங்காலமாக வாசித்து வரும் மூத்த அன்பர்கள் சிலருக்கு, 1981 முதல் 1994 வரை இதில் புனைபெயர் ஒன்றில் கட்டுரைகள் எழுதி வந்த பெண்மணி ஒருவரை நினைவிருக்கலாம். தாமிரபரணிக் கரையில் கழிந்த இளமையையும், கல்கத்தாவுக்கு வந்த புதிதில் பட்ட பாட்டையும், கடுகெண்ணெய் மணத்தோடு சமாதானம் செய்துகொண்ட வரலாற்றையும் அவர் எழுதினார். அந்தப் பெண்மணி என் மனைவி. புனைபெயரை இங்கே வெளியிட எனக்கு அனுமதி இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவளுக்குக் கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் இருப்பது தெரியவந்தது. இந்நோயின் வஞ்சகம் யாதெனில், அது ஓசையின்றி வருவது. பெரும்பாலோர்க்கு நோவும் இல்லை, சிவப்பும் இல்லை. ஓரத்துப் பார்வையைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டே வந்து, நாம் உணர்கின்ற வேளையில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்திருக்கும். போனது மீளாது. இருப்பதைக் காப்பதற்குத்தான் சொட்டு மருந்து. (நாற்பது வயதைக் கடந்த அன்பர்கள் ஒருமுறை கண்ணழுத்தம் பார்த்துக்கொள்வது நலம். கட்டுரைக்குப் புறம்பான வார்த்தைதான். ஆயினும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.) இப்பொழுது அவள் உலகத்தை ஒரு குழாயின் வழியே பார்ப்பவள்போலப் பார்க்கிறாள். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் பயன் உண்டோ என்று முயன்றோம். பெரிதாக்கினால் அந்தக் குழாய்க்குள் ஓர் எழுத்துத்தான் அடங்குகிறது. ‘வாசல்’ என்ற சொல்லில் ‘வா’ வந்தால் ‘சல்’ போய்விடுகிறது.

இந்நிலையில் தான் எழுதியவற்றையெல்லாம் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆவல் அவளுக்கு உண்டாயிற்று. பழைய இதழ்களை ஆண்டு வாரியாகத் தைத்து வைத்திருந்தோம். தாள்கள் பழுப்பேறி, புரட்டினால் அப்பளம்போல் நொறுங்கும் பருவத்தை எட்டியிருந்தன. இரவு உணவுக்குப் பின் நான் படித்துக் காட்டலானேன். ஒரு வாரம் பொறுமையாகக் கேட்டாள். எட்டாம் நாள், “போதும், நிறுத்துங்கள்” என்றாள்.

“ஏன்? குரல் நன்றாக இல்லையா?”

“குரலுக்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிற நேரம் பகல் இரண்டு மணி. அப்பொழுது நீங்கள் உறங்குகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் உங்களை எழுப்பிக்கொண்டிருக்க முடியுமா? இன்னொன்று, நீங்கள் உள்ளதை உள்ளபடி படிப்பதில்லை. எனக்குத் தெரிகிறது.”

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் மகள் கல்லூரிக் காலத்தில் உபயோகித்து விட்டுச்சென்ற மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. பத்து வயதான யந்திரம். அதில் இருந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும் என்று அறிவிப்பு வந்துகொண்டேயிருந்தது. அதற்கு அடுத்த பதிப்போ, இத்தனை பழைய யந்திரத்தில் ஏற மறுத்தது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். புனாவில் இருக்கும் மகள், “அப்பா, அதைத் தூக்கி எறியுங்கள், புதிது வாங்கி அனுப்புகிறேன்” என்றாள். நான் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவன். ஓடுகிற வண்டியை ஓடாது என்று எழுதித் தள்ளிவிடுவதற்கு எத்தனை கையொப்பம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மறுத்துவிட்டேன்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் வங்காளி மாணவன் ஒருவன் பொறியியல் படிக்கிறான். என்னைத் ‘தாது’ என்றும் என் மனைவியைத் ‘திதா’ என்றும், சொந்தப் பேரனைப்போல் அழைப்பவன். அவன்தான், “தாது, இதில் லினக்ஸ் போட்டுவிடலாமே” என்றான். சிறுவிரல் அளவுள்ள ஒரு சேமிப்புக் கருவியைச் செருகி, நான் காப்பி போட்டுக் கொண்டுவந்து அது ஆறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டான். போட்டது உபுண்டு 24.04 என்னும் பதிப்பு. 2024 ஏப்ரலில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் உண்டு. விலை யாதொன்றும் இல்லை.

விலையில்லாமல் எவர் எதைத் தருவர் என்ற ஐயம் கணக்கனுக்கு எழுவது இயல்பு. விசாரித்தேன். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டொர்வால்ட்ஸ் என்பவர் 1991-இல் தாமே எழுதத் தொடங்கிய கருவைச் சுற்றி வளர்ந்தது இது. அதற்கு முன்பே, 1983-இல், எவரும் படித்துத் திருத்தி வழங்கத்தக்க மென்பொருளை மட்டுமே கொண்டு ஓர் இயங்குதளத்தை ஆக்குவது என்று அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் அறிவித்துத் தொடங்கிய பணியும் இதனோடு கலந்திருக்கிறது. பிறகு உலகெங்கும் பல்லாயிரவர் கைவைத்திருக்கிறார்கள். ஊர்க் குளத்தைத் தூர் வாரியது யார் என்று கேட்டால் ஒருவர் பெயரைச் சொல்ல முடியாதல்லவா, அதுபோல. 1983 என்ற ஆண்டை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அந்த ஆண்டுக்கு ஒரு கதை உண்டு.

மாணவனிடம் என் தேவையைச் சொன்னேன். அச்சிட்ட தாளைப் படம் பிடித்துக் கொடுத்தால் அதிலுள்ள எழுத்துகளைக் கணினி எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று உண்டு, அதன் பெயர் டெஸ்ஸராக்ட் என்றான். எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள் இன்னொன்று, ஈஸ்பீக் என்றான். இரண்டையும் நாள்காட்டியின் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன். “எல்லாம் களஞ்சியத்திலேயே இருக்கிறது, தாது. கேட்டால் கொடுக்கும்” என்று சொல்லிவிட்டு, காளி பூஜைக்குத் தன் ஊரான காலிம்பாங்குக்குப் புறப்பட்டுப் போய்விட்டான். எந்தக் களஞ்சியம், எப்படிக் கேட்பது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் விட்டுச்சென்ற ஒன்பது நாட்களின் கதைதான் நான் சொல்ல வந்தது.

முதல் நாள், பழைய பழக்கத்தின்படி இணையத்தில் தேடி, அந்த மென்பொருளை ஏதோ ஓர் இடத்திலிருந்து இறக்கினேன். சொடுக்கினேன். அது திறக்கவில்லை. விண்டோஸுக்கென்று கட்டிய பொதியை உபுண்டுவில் வைத்துக்கொண்டு நான் மல்லாடியிருக்கிறேன் என்பது மாலையில்தான் விளங்கிற்று. அகலப் பாதைக்குச் செய்த பெட்டியைக் குறுகிய பாதையில் ஏற்றப் பார்த்தவனை எங்கள் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

இரண்டாம் நாள், லினக்ஸுக்கே உரியது என்று போட்டிருந்த ஒரு கட்டை இறக்கி அவிழ்த்தேன். உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புகள். அது மூலநிரல். அதாவது மென்பொருளை ஆக்குவதற்கு எழுதிய வரிகள், இன்னும் மென்பொருள் ஆகாதவை. வேட்டி கேட்டவனுக்குப் பருத்தி மூட்டையை அனுப்பியதுபோல. நானே நூற்று நெய்துகொள்ள வேண்டும். அதற்கும் துணிந்தேன் என்பதை நினைத்தால் இப்பொழுது சிரிப்பு வருகிறது. கட்டளை கொடுக்கும் திரையைத் திறந்தேன். உபுண்டுவில் அது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அதில் வெள்ளை எழுத்தில் சுட்டுக்குறி ஒன்று சிமிட்டிக்கொண்டு, ‘சொல்லும் ஐயா, என்ன வேண்டும்’ என்று கேட்பதுபோல் காத்திருக்கும். குறிப்பில் கண்டபடி எழுத்தெழுத்தாக அடித்தேன். குறிப்பில் ஒவ்வொரு வரிக்கு முன்பும் ஒரு டாலர் குறி இருந்தது. இலவசம் என்றார்களே, இங்கே டாலர் கேட்கிறார்களே என்று எண்ணியபடி அதையும் சேர்த்தே அடித்தேன். ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று பதில் வந்தது. ‘இங்கே தொடங்கி எழுதுக’ என்று காட்டுவதற்காகத் திரையே போடுகிற குறி அது. நாம் அடிக்க வேண்டியதன்று என்பதை அறிய அரை நாள் ஆயிற்று. டாலரை நீக்கிய பின், ‘லெப்டோனிக்கா வேண்டும், அது இல்லை’ என்றது. அது ஏதேனும் நோயின் பெயராக இருக்குமோ என்று தோன்றிற்று. படங்களைக் கையாள்வதற்கு டெஸ்ஸராக்ட் துணைக்கு அழைக்கும் வேறொரு மென்பொருள் தொகுதி என்று தெரிந்தது. அதைத் தேடப் போனால் அதற்கு வேறு சில வேண்டும். சாம்பார் வைக்கப் போனவன் புளிக்காகப் புளியமரம் நடும் கதையாக முடியும் என்று கண்டு, மூட்டையைக் கட்டி வைத்தேன்.

இதற்கு நடுவே தீபாவளி வந்து போயிற்று. வீடெங்கும் பட்டாசுப் புகை. என் மனைவி, “உங்கள் லினக்ஸ் என்ன சொல்கிறது?” என்று கேட்டாள்.

“டாலர் வேண்டாம் என்கிறது” என்றேன்.

ஐந்தாம் நாள்தான் களஞ்சியம் என்றால் என்ன என்று புரிந்தது. விண்டோஸ் உலகில் நமக்கு வேண்டிய மென்பொருளை அவரவர் கடைவாசலுக்குப் போய் வாங்கி வருவதே நான் கண்ட வழக்கம். இங்கே அப்படியில்லை. பல்லாயிரம் மென்பொருள்கள் பரிசோதிக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, ஒரு பெரிய பண்டசாலையில் அடுக்கியிருக்கின்றன. ‘ஆப்ட்’ என்னும் பணியாளனிடம் பெயரைச் சொன்னால் போதும். அவன் அந்த ஒன்றை மட்டும் கொண்டு வருபவன் அல்லன். அதற்குத் துணை எவை, துணைக்குத் துணை எவை என்று கணக்குப் பார்த்து அத்தனையையும் சேர்த்துக் கொண்டுவந்து பொருத்திவிடுவான். நான் இரண்டாம் நாள் துறந்துவிட்டு வந்த லெப்டோனிக்காவை அவன் கேளாமலே எடுத்து வருவான். ஆனால் அவனுக்கு ஒரு மேலதிகாரியின் உத்தரவு வேண்டும். அதற்குரிய சொல் ‘சூடோ’. யந்திரத்தின் முழு அதிகாரத்தோடு இதைச் செய் என்பது பொருள். கடவுச்சொல் கேட்கும்.

அந்தக் கடவுச்சொல்லில் ஒரு பகல் போயிற்று. நான் விசைகளை அழுத்துகிறேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ஓர் எழுத்தில்லை, ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து, தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, அதிலிருந்து உதிர்ந்த பழைய மிக்சர் துணுக்குகளைப் பெருக்கித் தள்ளினேன். உண்மை என்னவெனில், பக்கத்தில் நிற்பவன் எழுத்துகளின் எண்ணிக்கையைக்கூட அறியக் கூடாது என்பதற்காக அது ஒன்றையும் காட்டாமலே வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல் அடித்தது அடித்ததுதான். “தெரியாமல் அடித்தால் என்ன? நான் இப்பொழுது எல்லாவற்றையும் அப்படித்தானே செய்கிறேன்” என்றாள் என் மனைவி. அந்தச் சொல்லின் பொருளை நான் அன்று முழுவதும் உணரவில்லை.

உத்தரவு கிடைத்தது. ஆப்ட்டைக் கூப்பிட்டேன். அவன் ‘பூட்டு கிடைக்கவில்லை, வேறொரு செயலிடம் இருக்கிறது’ என்றான். இதை மட்டும் நான் உடனே புரிந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு பேரேட்டை ஒரு குமாஸ்தா திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தால், இன்னொருவர் அதே ஏட்டில் எழுத முடியாது. அவர் மூடும்வரை காத்திருக்க வேண்டும். உபுண்டு தானாகவே பின்னணியில் பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் தீர்ந்தது. நான் பொறுக்கவில்லை. யந்திரம் உறைந்துபோயிற்று என்று கருதி மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியதற்கு ஒப்பான செயல்.

மறுபடி இயக்கினால், ஆப்ட் இப்பொழுது வேறு பல்லவி பாடினான். எதைக் கேட்டாலும் பிழை. மூன்று வரி ஆங்கிலம். பிழை என்ற சொல்லைக் கண்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு யந்திரத்தை அணைப்பதும் இயக்குவதுமாக இரண்டு நாட்களைக் கழித்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான், அதற்கும் மாணவன் வர வேண்டும் என்று சோர்ந்து உட்கார்ந்தேன். அன்று இரவு என் மனைவி, “வேண்டாம், விட்டுவிடுங்கள். நீங்களே படியுங்கள், கேட்கிறேன்” என்றாள். அவள் அதைச் சலிப்பாகச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். எனக்காக இரங்கிச் சொன்னாள். அதனால் விட முடியவில்லை.

காலிம்பாங்குக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மலைப் பகுதி, மூன்று முறை அறுந்து, நான்காம் முறை கிடைத்தான்.

“என்ன வருகிறது, தாது? அப்படியே படியுங்கள்.”

படித்தேன். ‘டிபிகேஜி இடையில் தடைப்பட்டது, அதைச் சரிசெய்ய நீங்களே பின்வரும் கட்டளையை இயக்க வேண்டும்’ என்று இருந்தது. அதற்கடுத்துக் கட்டளையும் முழுமையாக எழுதியிருந்தது.

மறுமுனையில் சற்று அமைதி. பிறகு, “தாது, இப்பொழுது எனக்குப் படித்துக் காட்டினீர்களே, அதன் கடைசிப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள்” என்றான்.

நான் படிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தணிக்கைக் குறிப்புகளை வரி விடாமல் வாசித்து வரி விடாமல் பதில் எழுதி உத்தியோகம் பார்த்தவன் நான். யந்திரம் நோயையும் சொல்லி, மருந்தையும் சொல்லி, மருந்தின் அளவையும் சொல்லியிருக்கிறது. இரண்டு நாட்களாக அதை நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கட்டளையை அடித்தேன். பாதியில் நின்ற பொதிகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் அமர்ந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று முதல் பிழைச் செய்தி வந்தால் அதை உரக்கப் படிப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். உரக்கப் படித்தால் என் மனைவியும் கேட்பாள். அவள் பெரும்பாலும் என்னைவிட முன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

‘டெஸ்ஸராக்ட்’ என்று கேட்டேன். ‘அப்படி ஒரு பொதி இல்லை’ என்றான் ஆப்ட். நாள்காட்டியைப் பார்த்தால் அதே பெயர்தான். எனக்கு 1975-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. கல்கத்தாவுக்கு வந்த முதல் மாதம், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனேன். தமிழில் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டேன், கையால் நீளம் காட்டினேன். கடைக்காரர் புடலங்காயை எடுத்துக் கொடுத்தார். முருங்கைக்காயோ அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. ‘ஷோஜ்னே டாண்டா’ என்று அதற்குப் பெயர் என்பதைப் பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். பொருள் இல்லாமல் இல்லை. அந்த ஊரில் அதற்கு வழங்கும் பெயரைச் சொல்லாதவரை அது இல்லை. களஞ்சியத்தில் தேடும் கட்டளையைக் கற்றுத் தேடினேன். டெஸ்ஸராக்ட் என்ற பெயரோடு ஒரு சிறு கோடும், எழுத்துணரியைக் குறிக்கும் ‘ஓசிஆர்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. முழுப் பெயரைச் சொன்னவுடன் லெப்டோனிக்கா முதலிய பரிவாரங்களோடு வந்து இறங்கிற்று.

கைப்பேசியில் படம் பிடித்த முதல் பக்கத்தைக் கொடுத்தேன். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றது. கோப்பின் பெயரில் நான் இடைவெளி விட்டிருந்தேன். இடைவெளிக்கு முன்னுள்ளதை ஒரு பெயராகவும் பின்னுள்ளதை இன்னொரு பெயராகவும் அது கொண்டது. இடைவெளியை நீக்கினேன். மறுபடி இல்லை என்றது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு. அதையும் திருத்தினேன். இம்முறை ஏற்றுக்கொண்டு, பக்கம் முழுவதையும் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் வாரி இறைத்தது. ‘இது தமிழ்’ என்று சொல்லும் குறியைச் சேர்த்துக் கேட்டேன். ‘அந்த மொழியை ஏற்ற முடியவில்லை’ என்றது. உரக்கப் படித்தேன்.

“தமிழைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமோ என்னவோ” என்றாள் என் மனைவி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

அப்படித்தான். டெஸ்ஸராக்டைக் கேட்டால் ஆங்கிலத்தோடு வரும். தமிழுக்கு உரிய பயிற்சிக் கோப்பு வேறு பொதியாக, அதே பெயரின் வாலில் ‘டாம்’ என்ற மூன்றெழுத்தைச் சுமந்துகொண்டு, களஞ்சியத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. வெளிமாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த எவர்க்கும் இது புதிய அனுபவமாகத் தோன்றாது. கேட்டேன், வந்தது. திரையில் தமிழ் எழுத்துகள் வரிவரியாக ஓடின. ஒன்பதாம் நாள் மாலை அது. நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆயினும் வேலை முடிந்தபாடில்லை. நம் இதழ் அக்காலத்தில் இங்கேயே ஒரு சிறு அச்சகத்தில் ஈய எழுத்து கோத்து அச்சானது. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து, ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியது அன்பர்கள் அறிந்ததே. அந்த அச்சகத்துக்குப் புதிய எழுத்து வாங்க வசதி இல்லாமையால், எண்பதுகளிலும் யானைத் துதிக்கை வைத்த பழைய லையும் னையுமே வந்துகொண்டிருந்தன. புதிய வடிவங்களில் பழகிய டெஸ்ஸராக்ட் அவற்றைக் கண்டு திகைத்தது. ‘தலை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் தலை போயிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இவற்றை நான் கையால் திருத்த வேண்டியிருந்தது. நவம்பர் மாதம் முழுவதும் திருத்தினேன். இன்னும் பாதித் தொகுதிகள் கிடக்கின்றன.

ஈஸ்பீக் மட்டும் எவ்விதத் தொல்லையும் தராமல் வந்து சேர்ந்தது. ஆனால் அதன் குரல் மனிதக் குரலன்று. தகர டப்பாவுக்குள் அமர்ந்து தமிழ் கற்ற ஒருவருடைய குரல். முதல் வரியைக் கேட்டதும் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “யார் இவர்? எந்த ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்?” என்றாள். நிமிடத்துக்கு 175 சொல் என்பது அதன் வழக்கமான வேகம்; 120 ஆகக் குறைத்தேன். ஒரே விசையை அழுத்தினால் படிக்கத் தொடங்கும்படி மாணவன் வந்து அமைத்துக் கொடுத்தான். அந்த விசையின்மேல் ஒரு குங்குமப்பொட்டுச் சாந்தை ஒட்டவைத்தோம், தடவிப் பார்த்து அறிவதற்காக. அன்று பகல் இரண்டு மணிக்கு நான் உறங்கவில்லை. உறங்குவதுபோல் படுத்திருந்தேன். அவள் தானே சென்று அமர்ந்து, பொட்டைத் தேடி அழுத்தினாள்.

1983-ஆம் ஆண்டுப் பொங்கல் மலரில் வந்த கட்டுரை அது. திருமணமாகிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட நாளைப் பற்றியது. அதைத்தான் நான் முன்னே குறிப்பிட்டேன். கட்டுரையில் அவள் எழுதியது, ‘வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள்’ என்பது. அச்சகத்தில் கோத்தவர் ‘நி’ இருந்த இடத்தில் ‘தி’யைக் கோத்துவிட்டார். ‘அம்மா வாசலிலேயே தின்றாள்’ என்று வெளியாயிற்று. சங்கத்தில் பல மாதங்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் உடன் சிரித்தாள். ஆனால் அந்த மலரை அவள் ஊருக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். அவள் தாயார் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடியவர். அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு காலமாகிவிட்டார். நான் படித்துக் காட்டிய இரவில், அந்த இடம் வந்ததும் வாய் தானாகவே ‘நின்றாள்’ என்று திருத்திப் படித்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாள்தான் உள்ளதை உள்ளபடி படிப்பதில்லை என்ற குற்றச்சாட்டு வந்தது.

யந்திரத்துக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது. தகர டப்பாக்காரர் ஒவ்வொரு சொல்லாக வந்து, ‘அம்மா வாசலிலேயே தின்றாள்’ என்று மிகத் தெளிவாகப் படித்தார்.

அவள் நிறுத்தினாள். சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “உறங்கவில்லை என்று தெரியும். எழுந்து வாருங்கள்” என்றாள்.

போனேன்.

“இதைத் திருத்தலாமா?”

“திருத்தலாம். எங்கே வேண்டும் என்று சொல், நான் அடிக்கிறேன்.”

“நான் அடிக்கிறேன்” என்றாள்.

திருமணத்துக்கு முன்பு, 1976-இல், அவள் திருநெல்வேலியில் தமிழ்த் தட்டச்சுப் பயின்று தேர்வு பெற்றவள். இங்கே வந்தபின் அதற்கு வேலை இல்லாமற்போயிற்று. உபுண்டுவில் தமிழ் எழுதுவதற்குப் பலவகை விசைப்பலகைகள் உண்டு. நான் கற்றுக்கொண்டது 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ் 99 முறை. அந்தப் பட்டியலில் பழைய தட்டச்சு முறையும் இருந்ததை முன்பே பார்த்திருந்தேன். எம்17என் என்னும் பொதியைப் போட்டுவிட்டு, அது பட்டியலில் தோன்றவில்லையே என்று மூன்று மணி நேரம் தேடியதும், ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் தோன்றும் என்று பிறகு அறிந்ததும் தனிக்கதை. இப்பொழுது அந்தப் பழைய முறையைத் தேர்ந்து கொடுத்து, சுட்டுக்குறியை அந்தச் சொல்லின்மேல் வைத்து, எழுந்து அவளுக்கு இடம் விட்டேன்.

அவள் இரண்டு கைகளையும் விசைகளின்மேல் பரப்பி வைத்தாள். முதலில் யளனக, யளனக என்று நான்கைந்து முறை அடித்துப் பார்த்துக்கொண்டாள். ஒன்றிரண்டு விசைகள் அவள் அறிந்த இடத்தில் இல்லை; எங்கே என்று கேட்டாள், விரலைப் பிடித்துக் காட்டினேன். அதன்பின் என்னைக் கேட்கவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. பயிற்சி எழுத்துகளை அழித்தாள். அந்தச் சொல்லையும் அழித்தாள். ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

“சரியாக வந்திருக்கிறதா?” என்றாள்.

“பொட்டை அழுத்து” என்றேன்.